சுண்ணாம்பு மூட்டை மலையேறிய கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. கள்ளக்குறிச்சியில் வேதியியல் நடத்தும் ராதிகா டீச்சர், "வெப்ப உமிழ் வினைன்னாலே புள்ளைங்க கொட்டாவி வுடுதுங்க சார். கதையா எழுதிக் குடுங்க" என்றார். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டேன்.

முதல் வரி: 'ஆற்றல் ஆக்கப்படுவதுமில்லை, அழிக்கப்ப—'

சே, எனக்கே கொட்டாவி வருகிறது.

2

கொளஞ்சியப்பனைக் கூப்பிடுவோம். கல்வராயன் மலை அடிவாரத்துக் கரும்புக்காரன். போன தை மாதம் மாமனார் செத்த அன்றைக்கென்று சர்க்கரை ஆலையிலிருந்து கரும்பை வெட்டி அனுப்பச் சொல்லி வெட்டு உத்தரவு வந்து தொலைத்தது. முறையை விட்டால் அடுத்து எப்போதோ. கரும்பு நின்றபடியே காயும். வெட்டி ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் மலையேறினான். அதற்குள் மண் போட்டுவிட்டார்கள். மனைவி மணிமொழி வெள்ளிமலையில் தாய்வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

இப்போது மார்கழி. மாமியார் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற சாக்கில் அவளை அழைத்துவரக் கிளம்பினான். மொபெட்டின் முன்னால் ஒரு மூட்டை சுட்ட சுண்ணாம்புக்கல்.

(டீச்சர் கவனிக்க: சூளையில் வாங்கின சூட்டைக் கல் உள்ளேயே வைத்திருக்கும். தண்ணீர் பட்டால் திருப்பிக் கொடுக்கும்.)

3

மலைப்பாதையில் தூறல். முழங்கால் சுட்டது. இஞ்சின்தான் என்று முடிவுகட்டினான் மகராசன். ஓடையோரம் நிறுத்தி, பாட்டிலில் மொண்டு மொண்டு இஞ்சின்மேல் ஊற்றினான். பாதித் தண்ணீர் மூட்டைமேல். அது புகைந்தது.

"அடங்குதா பாரு சனியன்!" என்று இன்னும் ஊற்றினான். கோணி பிய்ந்து, கொதிக்கிற சுண்ணாம்பு காலில் கொட்டியது.

இத்தனை மாதமாகப் போனில் மணிமொழியையும் இப்படித்தான் ஆற்றிக்கொண்டிருந்தான்: "கரும்பு காஞ்சிருக்கும்ல மணி, நீயே சொல்லு." அவள் அழைப்பைத் துண்டிப்பாள். மறுபடி அதையே சொல்வான். (இந்த ஒப்பீட்டை அடித்துவிட்டேன். மறுபடி எழுதிவிட்டேன்.)

4

மணிமொழி வாசலில் நின்றாள்.

"இன்னாத்துக்கு வந்த?"

"வெள்ளையடிக்க."

"உன் மேலயே அடிச்சிக்கினு வந்துகிற."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததற்காகக் கோபமும் வந்தது.

"இந்த வருஷம் வெட்டு உத்தரவு வரலியா?"

"காலையிலதான் வந்துச்சி."

"அப்போ கரும்பு?"

"நிக்கிது."

அவள் அவன் காலைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு குடம் தண்ணீரோடு வந்தாள்.

5

டீச்சருக்கு முடிவு வேண்டுமாம்.

முடிவு ஒன்று: தண்ணீரை அவன் காலில் ஊற்றுகிறாள், இருவரும் மொபெட்டில் மலை இற— (வேண்டாம், அழுதுவிடுவேன்.)

முடிவு இரண்டு: குடத்தை அவன் முன்னால் டொம்மென்று வைத்து, "நீயே ஊத்திக்கினு கெளம்பு, கரும்பு காயப்போவுது" என்கிறாள். இது கோபமா, அக்கறையா? எழுதின எனக்கே தெரியவில்லை. பரீட்சையில் இதற்கு மார்க் போட முடியாது.

அவளுக்காக முடிவெடுக்க நான் யார்? அப்பாவைப் பறிகொடுத்தவள் அவள். நீங்கள் சொல்லுங்கள், ஊற்றுவாளா, வைப்பாளா?

குடம் இன்னும் அவள் இடுப்பில்தான் இருக்கிறது. கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், அந்த ஆளுக்குக் கால் எரிகிறது.