பர்த்தி ஏறும் கை

கடல் ஏறும்போது சங்கரேஸ்வரியின் இடது கை வீங்கியது. கடல் இறங்கியபோது வற்றியது. தாராவியில் தக்காளி விலை ஏறி இறங்குவதைக் காட்டிலும் ஒழுங்காக இது நடந்து வந்ததால் முதலில் யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. இடது மார்பில் வந்த புற்றுநோய்க்கு அறுவை செய்து, அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்து, கதிர்வீச்சு என்கிற கரண்டும் வைத்து அனுப்பியிருந்தார்கள். கை வீங்கக்கூடும், வீங்கினால் உடனே வாருங்கள் என்று டாக்டர் சொன்னதை அவள் கணவர் பிச்சை, மனைவி பிழைத்துவிட்ட நிம்மதியில், கொஞ்சம் வீங்கும், பயப்பட ஒன்றுமில்லை என்பதாக ஞாபகம் வைத்துக்கொண்டார். பிச்சை இட்லிப் பாத்திரத்தைத் தலையில் வைத்துப் பக்கத்துச் சயானில் பாதிப் பேருக்குச் சட்னி ஊற்றியவர். பொய் சொல்லத் தெரியாதவர். ஞாபகம்தான் அவருக்காகச் சொல்லிக்கொண்டது. சங்கரேஸ்வரி ஜாக்கெட் தைப்பவள். தன் ஜாக்கெட்டின் இடது கையைத் தோள் வரை பிளந்து, வரிசையாகக் கொக்கி வைத்துக்கொண்டாள். பர்த்தி ஏறும் நேரத்தில் ஒவ்வொன்றாகக் கழற்றுவாள். தாராவியில் கடலேற்றத்துக்கு எல்லோரும் சொல்லும் மராத்திச் சொல் அது.

அந்த வருஷம் ஆடி மழையில் ஒரு நாள், கடைசிக் கொக்கியையும் கழற்றிவிட்டுப் பக்கத்து வீட்டுச் சீனியம்மாளிடம், "மைனி, கட்டில்ல ஏத்த வேண்டியத ஏத்திருங்க. இன்னைக்குத் தோளு வரைக்கும் வந்துட்டு" என்றாள்.

"ஒனக்குக் கை வீங்குனா எங்க வீட்டுக்குள்ள தண்ணி வருமாக்கும்" என்று சீனியம்மாள் சிரித்தாள். சாயங்காலம் அவளுடைய அரிசி டின் வாசலைத் தாண்டி மிதந்து போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு தெரு கணக்குப் படித்துக்கொண்டது: முழங்கை வரை என்றால் தண்ணீர் சாக்கடையோடு நிற்கும், தோள் வரை என்றால் வீட்டுக்குள் வரும். மாநகராட்சியின் அட்டவணை கடல் எப்போது ஏறும் என்று சொல்லுமே தவிர யார் வீட்டுக் கட்டிலுக்கடியில் நுழையும் என்று சொல்லாது. கை சொன்னது.

இதைத் தெருச் சங்கத்தின் சாதனையாக அறிவித்தவர் தலைவர் முத்துசெல்வம். தோல்பைப் பட்டறை வைத்திருப்பவர். பட்டறை தெருவின் பள்ளத்தில் இருந்தது என்பது தற்செயல். பொதுக்கழிப்பறை வரிசையில் நின்றாலும் அதைத் திறந்துவைக்க வந்தவர் போலவே தெரிகிற வெள்ளை வேட்டி. அவர் முயற்சியில் கைப் பாதுகாப்புக் குழு என்று ஒன்று அமைந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர், மூன்று துணைத்தலைவர்கள். கைக்குரியவள் மட்டும் குழுவில் இல்லை, அவளுக்கு வேலைப்பளு கூடாது என்று கருதப்பட்டது. தெருமுனை ஃபிளெக்ஸில் முத்துசெல்வம் ஆளுயரத்துக்குக் கும்பிட்டபடி நின்றார். மூலையில் தபால்தலை அளவில் ஒரு கை இருந்தது. அது வலது கை.

கைக்குப் புகழ் வந்த அதே மாதத்தில் விரல்கள் மடங்காமல் போயின. ஜாக்கெட் தைக்க இடது கைதான் துணியைப் பிடித்து வளைத்துக் கொடுக்க வேண்டும். அக்குள் வளைவில் துணி கோணிக்கொண்டு போயிற்று. கல்யாணத்துக்குக் கொடுத்தவர்கள் வேறு தையல்காரியிடம் போனார்கள். சங்கரேஸ்வரி யாரிடமும் சொல்லாமல் செம்பூருக்குப் பஸ் ஏறி, ஓர் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிப் பகுதியில் போய் உட்கார்ந்தாள். அங்கே வேலை பார்த்த ஃபர்ஸானா, தமிழர்கள் நிறைந்த சீத்தா கேம்ப்பில் பிறந்து வளர்ந்த பெண். கையைப் பார்த்தாள், பெருவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தாள், பிறகு எடுத்தாள். மாவில் பதிந்தது போல் ஒரு குழி நின்றது.

"நல்லதுக்கா. குழி விழுது. இன்னும் தண்ணியாத்தான் இருக்கு, இறக்கிடலாம். லேட் பண்ணா உள்ளயே கெட்டியாயிரும், அப்புறம் யார் வந்தாலும் பூரா இறங்காது."

"தைக்கலாமா?"

"அதுக்குத்தானக்கா இவ்ளோ பாடு."

கழுத்தில் தொடங்கி, தூங்குகிற குழந்தையைத் தடவுவதைவிட மெதுவாக, தோலை மட்டும் நகர்த்தி நகர்த்தித் தண்ணீருக்கு வேறு வழி காட்டினாள் ஃபர்ஸானா. பிறகு ஒவ்வொரு விரலாகச் சுற்றி அக்குள் வரை பேண்டேஜ் போட்டு, அதோடேயே கையை மடக்கவும் நீட்டவும் வைத்தாள். கையிலிருந்து சொட்டிக் கட்டிலுக்கடியில் உப்புத்தண்ணீர் தேங்கியது. இங்கே கடலைக் கொட்டியது யார் என்று ஆயா ஹிந்தியில் அலுத்துக்கொண்டு துடைத்தாள். தினமும் துடைத்தாள். கை இளைத்தது, விரல்கள் மடங்கின. சங்கரேஸ்வரி மெஷினில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட் முழுசாகத் தைத்தாள். அக்குள் வளைவு பிசிறில்லாமல் உட்கார்ந்திருந்தது. அதை மடியில் விரித்து, வளைவை விரலால் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தாள்.

பேண்டேஜுக்குள் இருந்த கை எதையும் சொல்லவில்லை. ஆவணியில் முன்னறிவிப்பில்லாமல் தண்ணீர் வந்தது. உயிர்ச்சேதம் கிடையாது, போனவை பாய்கள், ஒரு மிக்ஸி, முத்துசெல்வத்தின் பட்டறையில் வெட்டி அடுக்கியிருந்த தோல். குழு அவசரமாகக் கூடியது.

"யாரும் வைத்தியம் வேண்டாம்னு சொல்லலம்மா, மழ முடியட்டும்னுதான் சொல்லுதோம்" என்றார் முத்துசெல்வம். "பச்சப்பிள்ளையளு தரையில படுத்துக் கெடக்குல்லா."

"பிள்ளையள ஏன் இழுக்கிய அண்ணாச்சி, ஒங்க தோலு நனஞ்சதச் சொல்லுங்க" என்ற சீனியம்மாள், சங்கரேஸ்வரியின் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்து, "இருந்தாலும் ரெண்டு மாசந்தானட்டி" என்றாள்.

எல்லோரும் பிச்சையைப் பார்த்தார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்கு மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள். "எல்லாரும் சொல்லுதாகல்லா" என்று சுவரிடம் சொன்னார்.

"அப்பம் எனக்கு எப்பம் கை?" என்று சங்கரேஸ்வரி கேட்டாள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ஃபர்ஸானா பிச்சைக்குப் போன் செய்தாள். "அண்ணே, கை அக்காவோடது. இதுல கமிட்டி எதுக்கு?"

"ஒனக்குப் புரியாதும்மா. தெருன்னு ஒண்ணு இருக்குல்லா."

"தெருவுக்குக் கை இல்லையாண்ணே?"

பிச்சை, சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

மழை முடிந்தது, மறுபடி செம்பூருக்குப் போவதற்குள் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. இத்தனை வீடுகளைக் காத்த கைக்குக் காப்புக் கட்ட வேண்டும் என்று முத்துசெல்வத்துக்கு ஓர் எண்ணம் உதித்தது. மேளத்தோடு வந்து, மஞ்சள் முடிந்த கயிற்றை அந்த மணிக்கட்டில் அவரே கட்டினார். போட்டோவுக்காக அவிழ்த்து இன்னொரு முறை, இன்னும் இறுக்கமாகக் கட்டினார். கட்டும்போது கடல் இறங்கியிருந்தது. காப்பைக் கொடை முடியும்வரை அறுக்கக் கூடாது. தெருவில் யாரும் அறுத்ததில்லை, அறுத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாததால்தான் அந்தப் பயம் இவ்வளவு காலம் நிலைத்தது. கடல் ஏறியது. கயிறு சதைக்குள் மறைந்தது. "அறுத்து விடுங்களேன்" என்றாள் சங்கரேஸ்வரி. பிச்சை அவளுடைய தையல் கத்தரியை எடுத்து, கயிற்றுக்கு அருகே கொண்டுபோய், கொஞ்சநேரம் வைத்திருந்தார். வெளியே வில்லுப்பாட்டில் அம்மன் பிறந்துகொண்டிருந்தாள். "நாளைக்குத்தான முடிஞ்சிருது. பொறுத்துக்கோட்டி" என்று கத்தரியை மெஷின்மேல் வைத்துவிட்டார். அந்தக் கத்தரியைப் பிற்பாடு அவர் எத்தனையோ முறை மனசுக்குள் எடுத்தார்; ஒவ்வொரு முறையும் கயிறு சுலபமாக அறுந்தது.

தோல் வெடித்து, சீழ் வைத்து, கை செம்பருத்தி நிறமாகி, குளிர்காய்ச்சலோடு அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காய்ச்சல் இறங்கியது, கை இறங்கவில்லை. மறுபடியும் ஒரு காய்ச்சல் வந்தது. அதற்குள் அடுத்த மழையும் வந்தது. ஃபர்ஸானா பெருவிரலால் அழுத்தி, நெடுநேரம் கழித்து எடுத்தாள். குழி இல்லை.

"விழல அக்கா" என்றாள்.

அன்றிலிருந்து கை கடலோடு போவதை நிறுத்திவிட்டது. முழு பர்த்தியிலேயே நின்றது. தண்ணீர் எப்போது வரும் என்று இனி அது சொல்லாது என்பது உறுதியானதும், குழு சங்கரேஸ்வரிக்குப் பொன்னாடை போர்த்திக் கலைந்தது. முத்துசெல்வம் ஏற்புரை ஆற்றினார். பாராட்டப்பட்டவள் ஏன் பேசவில்லை என்று யாரும் கேட்கவில்லை. முத்துசெல்வம் பட்டறையை மேட்டுக்கு மாற்றிவிட்டார். மெஷினைச் சீனியம்மாளின் மகள் எடுத்துப் போனாள். சங்கரேஸ்வரியின் அக்குள் வளைவு அவளுக்கு வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

பிச்சை இப்போது இட்லி விற்றுவிட்டு வந்து, மனைவியைத் தானே செம்பூருக்குக் கூட்டிப் போகிறார். தடவவும் சுற்றவும் கற்றுக்கொண்டார். விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துடைத்து, எண்ணெய் பூசி, கழுத்திலிருந்து ஆரம்பித்து, மெதுவாக, இவ்வளவு மெதுவாகத் தொட முடியும் என்பது முன்பே தெரியாமல் போயிற்றே என்பது போல. கை கொஞ்சம் இளகியிருக்கிறது, ஒரு தம்ளரைப் பிடிக்கும் அளவுக்கு. ஊசி பிடிக்கும் அளவுக்கு இல்லை, அது இனி வராது என்று ஃபர்ஸானா மறைக்காமல் சொல்லிவிட்டாள். கையிலிருந்து இப்போது தண்ணீர் வருவதில்லை. உள்ளே நின்ற கடல் காய்ந்துவிட்டதால், பேண்டேஜைப் பிரிக்கும்போது மடிப்புகளிலிருந்து உப்பு உதிர்கிறது. கல் உப்பு, வெள்ளை, வாரத்துக்கு ஒரு கிண்ணம் தேறும். முதலில் கொட்டினார்கள். பிறகு சங்கரேஸ்வரி அதைக் குழம்பில் போட்டு, பிச்சைக்குப் பரிமாறி, எதிரே உட்கார்ந்து, "உப்பு காணுமா, இன்னும் போடணுமா?" என்று கேட்டாள். பிச்சை தட்டிலிருந்து நிமிரவில்லை. "காணும்" என்றார்.

மிச்சத்தை வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்பினாள். சீனியம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். முத்துசெல்வம் வீட்டிலும் வாங்கினார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, எங்கிருந்து வந்தது என்றும் கேட்கவில்லை. அந்தத் தெருவில் இப்போது அந்த உப்புதான் புழங்குகிறது. லேசாகக் கசக்கும் என்கிறார்கள். பழகிவிட்டது.