மூடி வைத்த இருபது பக்கம்

மிளகாய் புத்தகத்தை மூடிய வேகத்தில் சாப்பாட்டு மேஜையிலிருந்த டம்ளர் ஆடித் தண்ணீர் சிந்தியது.

"இந்த அம்மாவை எழுதச் சொல்லி யாரு அழுதா?"

மிளகாய் என்பது அக்கா வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுன்டர்தான் அவளுக்கு வேலை. அந்த வண்டி எங்கே நிற்கும், இந்த வண்டி எப்போது வரும், போன வண்டி ஏன் போனது என்று விடிந்ததிலிருந்து ஊரே வந்து கேட்கும். வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் வாய் ஓய்ந்து விழுந்திருப்பார்கள். இவளுக்குத்தான் வீட்டில் பேச்சே ஆரம்பிக்கும். கவுன்டரில் ஆளில்லாத நேரத்தில் மடியில் வைத்துப் படித்த நாவலை, ராத்திரி சாப்பாட்டோடு சேர்த்து மென்று துப்பினால்தான் அவளுக்குச் சோறு செரிக்கும்.

"என்னாச்சு, கதை நல்லா இல்லையா?" என்றார் மாமா.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். ஒரு வாரப் பத்திரிகையில் பக்கங்களைத் திருத்தித் தயார்பண்ணுகிறவர். நாலாவது மாடியில் இந்த மூன்று பேர்தான் குடும்பம்.

"கதையா? எவனோ ஒருத்தன் மனசு சரியில்லைன்னு தெரியாத ஊருக்குப் போறான். ஹோட்டல்ல ஒன்பதாவது மாடில ரூம் எடுக்கிறான். ஜன்னல் பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிட்டு, இந்த நகரத்து ஜனங்களுக்கு முகமே இல்லைன்னு முந்நூறு பக்கத்துக்குப் புலம்புறான். ஏண்டா, ஒன்பதாவது மாடியிலேருந்து பாத்தா மண்டைதான் தெரியும், மூஞ்சியா தெரியும்?"

மாமா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "ம். அப்புறம்?"

இந்த 'அப்புறம்' ஒன்று போதும், மிளகாய்க்கு. அக்கா சீரியல் பார்த்துக்கொண்டே தலையாட்டுவாள். கவுன்டரில் கேட்கிறவனுக்கு வண்டி நம்பர் தவிர வேறெதுவும் வேண்டாம். தன் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கிற ஒரே பிறவி மாமாதான் என்று அவளுக்கு அவர் மேல் கொள்ளைப் பிரியம்.

"அப்புறம் என்ன அப்புறம்! பயணம் மனுஷனை மாத்துமாம். நான் பாக்காத பயணமா? போகும்போது சில்லறைக்குச் சண்டை போட்டவன் வரும்போதும் சில்லறைக்குத்தான் சண்டை போடுறான். நகரத்துல பக்கத்து வீட்டுக்காரன் பேருகூடத் தெரியலைன்னு ஒரு அழுகை வேற. பேரு எதுக்கு? நம்ம பக்கத்து வீட்டு ஆளு பேரு எனக்குத் தெரியாது. அவரு இருமல் தெரியும். ஒருநாள் காலைல இருமல் கேக்கலைன்னா போய்க் கதவைத் தட்டமாட்டேன்?"

"முடிவு எப்படி?"

"அந்த லட்சணத்துல என்ன பெரிய முடிவு இருக்கப்போகுது!" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

முடிவு அவளுக்குத் தெரியாது. சண்டை போட்ட வீட்டில் கை நனைக்காத மாதிரி, சண்டை போட்ட புத்தகத்தை அவள் முடிக்கவும் மாட்டாள். கோபம் உச்சிக்கு ஏறிய பக்கத்தில் ஒரு பழைய பஸ் டிக்கெட்டைச் செருகி மூடிவிடுவாள். அவள் அலமாரியில் பாதிக்கு மேல் அப்படி டிக்கெட் நீட்டிக்கொண்டு நிற்கிற புத்தகங்கள்தான். இதில் இருபது பக்கம் பாக்கி இருந்தது. இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த வாரம், கவுன்டருக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு வழக்கமாக வம்பளக்க வருகிற டிரைவர் ஒரு பத்திரிகையைக் கம்பி வழியாக நீட்டினார்.

"இந்தாம்மா, உன்னை மாதிரியே ஒருத்தன் திட்டியிருக்கான். படிச்சுப் பாரு, வயிறு வலிச்சுப்போச்சு எனக்கு."

'நகர்வாசி பேசுகிறார்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே, ஒன்பதாவது மாடியிலிருந்து பார்த்தால் மண்டைதான் தெரியும். அதற்குக் கீழே சில்லறைச் சண்டை. அதற்கும் கீழே, பக்கத்து வீட்டு இருமல். ஒரு சொல் பிசகவில்லை. அவள் 'ஏண்டா' என்று கேட்டதை மட்டும் 'ஐயா' என்று மாற்றி மரியாதைப்படுத்தியிருந்தார்கள்.

"இந்த ஆளு ரொம்ப நாளா எழுதறாரா?" என்று கேட்டாள். தன் குரல் இவ்வளவு சின்னதாக வரும் என்று அவளே நினைக்கவில்லை.

"ஒரு வருஷமா வருதே! வாராவாரம் இதுக்காகத்தானே வாங்குறேன்."

வாரப் பத்திரிகை பஜ்ஜியில் எண்ணெய் பிழியத்தான் லாயக்கு என்று அதைக் கையாலும் தொடாதவள் அவள். வேலை பார்க்கிற இடத்திலேயே அலுத்துவிட்டது என்று மாமாவும் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. அலுப்பாம், அலுப்பு! மிளகாய்க்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அன்றைக்கு விசாரணைக்கு வந்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பத்திரிகையை மாமாவின் மடியில் எறிந்தாள்.

"யாரு மாமா இந்த நகர்வாசி?"

மாமா திருதிருவென்று விழித்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நானே சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார்.

"எப்ப? என் கருமாதிக்கா?"

"இதோ பாரு, வாயில வர்றதெல்லாம் வெறும் பேச்சு. எழுதினாத்தான் எழுத்து. எது முன்னால, எது பின்னால, எங்க கமா, எங்க புள்ளி, எல்லாம் நான்தானே வெச்சேன்?"

"உப்புப் போட்டது நீங்கன்னா சமைச்சதும் நீங்களா? ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையேன்னு வாராவாரம் அள்ளி அள்ளி ஊத்தியிருக்கீங்களே, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இது என் மச்சினிச்சி சொன்னதுன்னு எழுதினா கை அழுகிப்போயிடுமா?"

அக்கா டிவி சத்தத்தைக் குறைத்தாள். மிளகாய்க்கு நம்பிக்கை வந்தது. தன் கூடப் பிறந்தவள், இப்போது பேசுவாள்.

"எதுக்கு இப்படிக் கத்துற? நீ பேசுறதெல்லாம் காத்தோட போகப்போறதுதானே? போறதைப் புடிச்சு வெச்சார். உனக்கு இதுல என்ன குறைஞ்சுபோச்சு?"

மாமா திருடியதுகூட அவளை அவ்வளவு சுடவில்லை. இது சுட்டது. தன்னிடம் நகையில்லை, வீடில்லை, சொல்லிக்கொள்ள ஒரு பட்டம் இல்லை. படித்ததைப் பற்றித் தனக்குத் தோன்றுவது ஒன்றுதான் தன் சொத்து. அது காற்றாம். சமையலறையில் போய் நின்று அழுதாள். அழுகிறோமே என்று அதற்கும் கோபம் வந்தது.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் வாயைத் தைத்துக்கொண்டாள். மாமா தூண்டில் போட்டுப் பார்த்தார்.

"அந்தப் புதுப் புத்தகம் எப்படி இருக்கு?"

"புத்தகமா இருக்கு."

"அதுல ஊர் வருதாமே?"

"வந்தா உக்காரச் சொல்லுங்க."

அடுத்த வாரம் நகர்வாசி மழையைப் பற்றி எழுதினார். அதற்கடுத்த வாரமும் மழைதான். டிரைவர் வந்து, "ஆளுக்குச் சரக்கு தீந்துபோச்சுபோல" என்று உதட்டைப் பிதுக்கினார். மிளகாய்க்கு அன்று முழுக்க மனசு குளிர்ந்திருந்தது.

அந்தக் குளிர்ச்சியும் நிலைக்கவில்லை. ஒருநாள் மாமா புதுச் சட்டையோடு வந்தார். அந்த ஒன்பதாவது மாடி நாவலை எழுதிய அம்மாள் ஊருக்கு வருகிறாராம். நூலகக் கூடத்தில் கூட்டமாம். தன்னை அப்படித் திட்டிய நகர்வாசியைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று கேட்டாராம்.

"நானும் வர்றேன்" என்றாள் மிளகாய்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "அங்க வந்து மானத்தை வாங்கிடாதடி."

"யாரு மானத்தை?"

அக்கா டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சொல்ல வேண்டியதை மிளகாய் பஸ்ஸில் போகும்போதே மனப்பாடம் செய்துகொண்டாள். கூட்டம் நிறைந்ததும் எழுந்து நிற்பது, அத்தனையும் என்னுடையது என்று சொல்வது, உட்கார்வது. முதல் வரிசையில் போய் இடம் பிடித்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டாள். எழுந்தால் கூடவே இழுபட்டு வருவாள்போல அப்படி ஒரு பிடி.

மேடையில் மாமா, நாவல்களைக் கரைத்துக் குடித்தவர் மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மண்டை, மூஞ்சி வரியை அவர் சொன்னபோது கூடமே கைதட்டியது. மிளகாய் எழப்போனாள். அதற்குள் நாவலாசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "கடைசி அத்தியாயத்துலேருந்து கொஞ்சம் வாசிக்கிறேன்" என்றார்.

வாசித்தார். ஹோட்டலில் லிஃப்ட் கெட்டுப்போகிறது. வந்த நாளிலிருந்து கீழே இறங்காத அந்த ஆள் ஒன்பது மாடியும் படியில் இறங்குகிறான். ஒவ்வொரு மாடியிலும் துணி மடிக்கிறவர்கள், குழாய் ரிப்பேர் பார்க்கிறவர்கள், தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளி. கீழே வாசலில் அவன் அறையைத் தினமும் துடைக்கிற பெண் நிற்கிறாள். "இத்தனை நாளா மேலேருந்து எங்க மண்டையைத்தானே பாத்தீங்க? இப்பவாவது மூஞ்சியைப் பாருங்க" என்கிறாள்.

மிளகாய்க்குக் காது இரண்டும் சூடேறின. தான் சொன்ன அதே சொல். தனக்கு முன்னாலேயே அந்த அம்மாள் எழுதி வைத்த சொல். மூடி வைத்த இருபது பக்கத்துக்குள் அது இருந்திருக்கிறது.

நாவலாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். அவர் குரலில் கோபம் இல்லை; அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "நீங்க கேட்டதையேதான் இந்தப் பொண்ணும் கேக்கிறா. இவளுக்காகத்தான் நாவலையே எழுதினேன். இதைப் படிச்சிட்டு எப்படி அப்படி எழுதினீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன். கடைசி அத்தியாயம் படிச்சீங்களா?"

மாமா முதல் வரிசையைப் பார்த்தார். மிளகாய் அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நகர்வாசி தானாகவே முழுகிப்போவார். படிக்காமல் திட்டிய பெயர் அவருக்கே போகட்டும். தான் செய்த தவறு யாருக்கும் தெரியப்போவதில்லை. இதைவிட நல்ல பழிவாங்கல் எங்கே கிடைக்கும்?

மாமா மைக்கைப் பிடித்தார். "அது வந்து... உண்மையைச் சொல்லிடறேன். அது என் கருத்து இல்லை. வீட்டுல என் மச்சினிச்சி ஒருத்தி இருக்கா. வாய் கொஞ்சம் நீளம். அவ சொன்னதை நம்பி எழுதிட்டேன். அவ புத்தகத்தை முழுசாப் படிக்கலைபோல." கடைசியில் ஒரு சிரிப்பு வேறு.

கூடமும் சிரித்தது.

மிளகாய்க்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு வருஷமாகக் கைதட்டல் முழுக்க அவருக்கு. முதல் தடவையாகத் தன்னைப் பற்றிப் பேச்சு வந்தது, அதுவும் பழியைச் சுமக்க. முழங்காலிலிருந்த அக்காவின் கையை விலக்கிவிட்டு எழுந்தாள். மனப்பாடம் செய்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"அந்த மச்சினிச்சி நான்தான். படிக்கல. இருபது பக்கம் பாக்கி வெச்சு மூடிட்டேன், கோபத்துல. தப்பு என்னோடதுதான்." நாவலாசிரியையைப் பார்த்துத்தான் சொன்னாள். பிறகு மேடையில் அவருக்குப் பக்கத்து நாற்காலியின் பக்கம் திரும்பினாள். "மாமா, தப்பு என்னோடதுன்னு மைக்குல சொல்லிட்டீங்க. ரொம்ப சந்தோஷம். இப்பத்தானே எல்லாரும் கைதட்டினாங்க, அந்த மண்டை, மூஞ்சி? அது யாரோடது? சில்லறைச் சண்டை யாரோடது? இருமல் யாரோடது? அதையும் அதே மைக்குல சொல்லிடுங்க."

மாமா கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார். அதில் எழுதியிருப்பதும் அவள் பேசியதுதான்.

"சொல்லுங்களேன்" என்று ஒரு குரல் வந்தது. மிளகாய் திரும்பிப் பார்த்தாள். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே, புருஷனின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. "அவ தப்பைச் சொல்லத் தெரிஞ்சுதுல்ல? மத்ததையும் சொல்லுங்க."

மாமா மைக்கை வாய்ப் பக்கம் கொண்டுபோனார், இறக்கினார், மறுபடி கொண்டுபோனார்.

"அவளோடதுதான்" என்றார். "எல்லாமே."

யாரும் கைதட்டவில்லை. நாவலாசிரியை மட்டும் மேஜைமேல் சாய்ந்து மிளகாயைக் கூர்ந்து பார்த்தார்.

"கடைசி அத்தியாயம் இப்பக் கேட்டாச்சுல்ல? இன்னும் என் நாவல்மேல கோபமா?"

"கோபம்தான். அந்தப் பொண்ணு பேசுறதுக்கு முந்நூறு பக்கம் எதுக்குக் காத்திருக்கணும்? முதல் நாளே ரூமைத் துடைக்க வந்தாளே, அப்பவே பேசவிட்டா என்ன?"

நாவலாசிரியை மேடைப் படியைக் கையால் காட்டினார். "மேல வந்து சொல்லுங்க" என்றார்.

"வர்றேன். முதல்ல அவரை அந்த நாற்காலியிலேருந்து எந்திரிக்கச் சொல்லுங்க."

மாமா எழுந்தார்.