ஞாயிற்றுக்கிழமை நடுங்காத பாலைவனம்

மணிவாசகம் புரொபசருக்கு என்மேல் கோபம் எதுவும் இருந்ததில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை. கோபப்படும் அளவுக்குக்கூட அவர் என்னை ஒரு ஆளாக எண்ணவில்லை.

யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவள் நான். 1994இல் மொன்ட்ரியாலில் அவருடைய ஆய்வகத்தில் ரூலரும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தேன். நெவாடாப் பாலைவனத்தில் அப்போது சின்னச் சின்ன நிலநடுக்கங்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தன. கோப்பையில் இருக்கும் தேத்தண்ணியைக்கூட அசைக்காத நடுக்கங்கள். அங்கிருந்து வரும் காகிதச் சுருள்களில் கோடு எங்கெங்கே துள்ளுகிறது என்று அளந்து, நேரத்தைக் குறிப்பது என் வேலை.

நடுக்கம் கூடிக்கொண்டே போகிறது, பெரியது ஒன்று வரப்போகிறது என்று புரொபசர் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். "உங்க பேரும் அதுல வரும்மா" என்றிருந்தார். பெயர் வந்தால் மாஸ்டர்ஸ் படிப்புக்கு இடம் கிடைக்கும், பிறகு மறுபடியும் படிப்பிக்கலாம். அதை நம்பித்தான் இரண்டு குளிர்காலம், நாங்கள் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் மெட்ரோ ஏறினேன்.

சுருள்களில் லண்டன் நேரம்தான் இருக்கும். ஒரு நாள் அதைப் பாலைவனத்து நேரத்துக்கு மாற்றிப் பார்த்தேன். நாற்பத்தொரு நடுக்கங்கள் பின்னேரம் மூன்றரைக்கும் நாலுக்கும் இடையில் வந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றுகூட இல்லை.

பட்டியலை எடுத்துக்கொண்டு புரொபசரிடம் போனேன். "சேர், இது நிலநடுக்கமில்லை. ஆரோ சுரங்கத்தில வெடி வைச்சுக் கல்லு உடைக்கினம். பூமி ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்காது."

அவர் தாளைத் தொடவே இல்லை. சிரித்தார். "நீங்க குண்டுக்குப் பயந்து வந்தவங்க. உங்களுக்கு எல்லாமே வெடியாத்தான் தெரியும். லிஸ்ட் அப்படியே இருக்கட்டும்மா."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்கள். அவர் அதைச் சிரித்துக்கொண்டே செய்தார். குண்டுக்குள் இருந்து வந்தவளுக்குத்தான் சேர் வெடி எது என்று தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெயர் வரவேண்டுமே. நாற்பத்தொன்றையும் நிலநடுக்கப் பட்டியலில் என் கையாலேயே ஏற்றினேன்.

கட்டுரை வந்தது. என் பெயர் இல்லை. கேட்டேன். "இடம் போதலைம்மா. அடுத்ததுல பாக்கலாம்" என்றார்.

சில மாதங்களில், நான் கண்டுபிடித்ததை அமெரிக்காவில் இன்னொருவரும் கண்டுபிடித்து, கட்டுரை வந்த ஆய்விதழுக்கு எழுதிவிட்டார். அடுத்த இதழின் பிரதி ஒன்றைப் புரொபசரே என் வீட்டுக்குத் தபாலில் அனுப்பியிருந்தார். மரியாதை தெரிந்தவர்.

நான் வேலை முடிந்து வந்தபோது, என் கணவர் பேரின்பநாதன் கதவைத் திறந்துகொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"உம்மட பேர் வந்திட்டுது, புனிதமலர். நான் வேலை செய்யிற றெஸ்ரோறன்ருக்கும் ரெலிபோன் அடிச்சுச் சொல்லிப்போட்டன்."

அந்தப் பக்கத்தைக் கிழித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். கிட்டப் போய் வாசித்தேன். மூன்று வரித் திருத்தம். நாற்பத்தொரு சுரங்க வெடிகள் நிலநடுக்கங்களாகத் தவறாகச் சேர்க்கப்பட்டுவிட்டன. இது உதவியாளர் புனிதமலர் பேரின்பநாதன் அளவெடுத்ததில் நேர்ந்த பிழை. கட்டுரையாசிரியர் வருந்துகிறார்.

"மிச்சத்தை வாசிச்சனீங்களே?" என்று கேட்டேன்.

"எனக்கு எங்க அவ்வளவு இங்கிலீசு ஓடுது? பேர் இருக்குதுதானே."

"ஓம்" என்றேன். அவர் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நிரப்பிய மாஸ்டர்ஸ் விண்ணப்பம் மேசையில் கிடந்தது. அதைப் பார்க்கப்போகிறவர்கள் மிச்சத்தையும் வாசிப்பார்கள்.