தொட்டிச் சாவி

எங்கள் தீப்பெட்டி ஆபீசின் தீயணைப்புப் படையில் எட்டு ஆண்கள் இருந்தார்கள். வாசலில் ஒரு சிவப்புப் பலகையில் எட்டுப் பேரின் பெயரும் வெள்ளை எழுத்தில் இருக்கும். அதில் ஒருவர் பம்பாய்க்குப் போய் மூன்று வருஷமாகிவிட்டது. இன்னொருவர் லாரியில் ஏறினால் மூன்று நாள் கழித்துத்தான் இறங்குவார். மற்ற ஆறு பேரும் எதிர்த்தாற்போல் இருக்கும் டீக்கடையில் கிடைப்பார்கள். மருந்தில் முக்கியெடுத்த குச்சிகளுக்கு நடுவில் காலையிலிருந்து சாயந்திரம் வரை உட்கார்ந்திருந்தது நாங்கள் நாற்பது பெண்கள். தீ வந்தால் முதலில் எங்களைத்தான் தேடி வரும். இதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கோவில்பட்டியிலிருந்து இடைசெவல் போகிற வழியில் இருந்தது ஆபீஸ். எண்பத்து மூன்றாம் வருஷம். மழை எங்கள் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆபீசுக்குப் பின்னால் தீயணைக்க என்று ஒரு சிமெண்டுத் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. தொட்டிக்கு இரும்பு மூடி, மூடிக்குப் பெரிய பூட்டு. திறந்து வைத்தால் பெண்கள் குடம் குடமாக மொண்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று மேனேஜர் அழகிரிசாமிக்குப் பயம். நாங்கள் ஒரு சொட்டு எடுத்ததில்லை. எடுக்க நினைத்ததுண்டா என்று மட்டும் கேட்காதீர்கள்.

சாவி படைத்தலைவர் கொம்பையா அண்ணாச்சியின் அரைஞாண் கயிற்றில் தொங்கும். அவர் டீ குடிக்கப் போனால் அதுவும் கூடவே போகும்.

சித்திரையில் ஒருநாள் குச்சி அடுக்கிய மரச்சட்டம் ஒன்று கீழே விழுந்து குப்பென்று பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த சுடலையம்மாளின் சேலைத் தலைப்பில் தீ. நேசம்மாள் அக்கா தாவிப் போய் வெறுங்கையால் அடித்து அணைத்தாள். குடிதண்ணீர்ப் பானையைச் சாய்த்துச் சட்டத்தையும் அணைத்தாள். எல்லாம் முடிந்த பிறகு சாவி வந்தது, டீ வாசனையோடு.

உள்ளங்கையில் வாழையிலையைச் சுற்றிக்கொண்டு அக்கா நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன்.

"சார், தொட்டிச் சாவிய எங்ககிட்ட குடுங்க. தீ உள்ள இருக்கு, சாவி டீக்கடையில இருக்கு."

"தீயணைக்கது ஆம்பள வேலம்மா. தண்ணி நெறஞ்ச வாளி என்ன கனம் இருக்கும்னு தெரியுமா?"

"தெரியும் சார். நீங்க குளிக்க தண்ணிய யாரு செமந்துட்டு வாராங்கன்னு வீட்ல கேட்டுப் பாருங்க."

அழகிரிசாமி கெட்ட மனிதர் இல்லை. சிரித்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை தீயணைப்பு அதிகாரி பயிற்சி பார்க்க வருவதாகச் சொன்னார். ஆண்கள் ஒரு தடவை, பெண்கள் ஒரு தடவை. யார் சீக்கிரம் அணைக்கிறார்களோ அவர்களுக்குச் சாவி.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களுக்கு வேலை வந்துவிட்டது. பழகுவதற்குத் தண்ணீர் ஏது? வாளியில் கரிசல் மண்ணை நிரப்பினோம். தொட்டியிலிருந்து முற்றம் வரை வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றினோம். மண் வாளி தண்ணீரைவிடக் கனம். முதல் நாள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. பாலம்மாள் மூன்று வாளிக்கு ஒருதரம் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி எந்திரி. தீ வந்தா, கொஞ்சம் இருன்னு சொல்லுவியா?" என்பாள் அக்கா.

ஐந்தாம் நாள் நாங்கள் மூச்சு வாங்காமல் நாற்பது வாளி கடத்தினோம். டீக்கடையிலிருந்து கொம்பையா அண்ணாச்சி வேடிக்கை பார்த்துவிட்டு, "என்ன நேசம்மா, தீயப் பொதைக்கப் போறீயளா?" என்று கேட்டார். கேட்கட்டும் என்று விட்டோம்.

சனிக்கிழமை அதிகாரி மிக்கேல்ராஜ் கைக்கடிகாரத்தோடு வந்து நின்றார். முற்றத்தில் கழிவுக் குச்சியைக் குவித்துக் கொளுத்தினார்கள். முதலில் ஆண்கள். ஆளுக்கொரு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியிலேயே சிந்தியது. ஒருவர் காலில் ஒருவர் ஊற்றினார்கள். எங்களுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் வந்த தண்ணீரை வீசி எறிந்தார்கள், தீ புஸ்ஸென்று அடங்கியது. நான்கு நிமிஷம்.

பக்கத்திலேயே இன்னொரு குவியல் மூட்டினார்கள். எங்கள் முறை. சொன்னால் நம்பமாட்டீர்கள், பன்னிரண்டு வாளி கைமாறி வந்ததில் தரையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அதிகாரியின் புருவம் ஏறியது. வரிசையின் முனையில் நின்ற அக்கா முதல் வாளியை வாங்கினாள். வாங்கி, கையை உள்ளே விட்டு, ஒரு கை அள்ளித் தீயில் தெளித்தாள்.

அப்புறம் இன்னொரு கை.

மண்ணைக் கடத்தப் பழகினோமே தவிர, தண்ணீரை வீச யாரும் பழகவில்லை. அவள் கை அப்படிப்பட்டது. ஒரு செம்புத் தண்ணீரில் முகம் கழுவி, கழுவின தண்ணீரையும் முருங்கைக்கு ஊற்றுகிற கை. முழு வாளியைக் கவிழ்க்க அதற்கு எப்படித் தெரியும்? அவளுக்குப் பின்னால் நிறைவாளிகள் சேர்ந்துகொண்டே போயின. தீ குஷியாக எரிந்தது.

"என்னம்மா, கோலம் போடப் போறீங்களா?" என்றார் மிக்கேல்ராஜ்.

ஆபீசே சிரித்தது. குச்சி தானாக எரிந்து முடிந்தபோது ஏழு நிமிஷம். மிச்சமிருந்த தண்ணீரை நாங்கள் ஒரு வாளி விடாமல் தொட்டியிலேயே திரும்ப ஊற்றினோம். கொம்பையா அண்ணாச்சி பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, படையோடு டீக்கடைக்குப் போனார். அக்கா முகத்தைப் பார்க்க எனக்குத் துக்கமாக இருந்தது.

சனிக்கிழமைகளில் வாசலுக்குத் தண்ணீர் லாரி வரும். ஆளுக்கு ஒரு குடம். அன்றும் வந்தது. இரண்டு நாளைக்கு வீட்டில் குடிக்க, சமைக்க அதுதான். நாற்பது குடமும் சுவரோரம் வரிசையாக நின்றன. அப்போதுதான் காற்று எழும்பியது.

ஆண்கள் அணைத்த குவியல் மேலேதான் நனைந்திருந்தது, அடியில் கங்கு இருந்திருக்கிறது. பறந்த பொறி, பெட்டி காயப் போடும் ஓலைப் பந்தலில் உட்கார்ந்தது. உட்கார்ந்ததுதான் தெரியும், பந்தல் மூலை சடசடவென்று எரிந்தது. பந்தலை ஒட்டி மருந்து அறை. தீ அங்கே எட்டினால் ஆபீசும் இல்லை, நாங்களும் இல்லை. தொட்டிக்கு ஓடிப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம்.

அக்கா சுவரோரத்தில் தன் பச்சைக் குடத்தின் முன்னால் நின்றாள். அவள் வீட்டில் மூன்று பிள்ளைகள். குடத்தைத் தூக்கினாள், ஓடினாள், அடியில் கைகொடுத்து ஒரே வீச்சாகப் பந்தலில் கவிழ்த்தாள். முழுக்குடம். காலிக் குடத்தைத் தூர எறிந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எஸ்தர், உன் குடம்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எரிந்தால் எரியட்டும் என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது. அதற்குள் கை குடத்தைத் தூக்கிவிட்டது. பழகின கை. வரிசை தானாக நின்றது. நாற்பதாவது குடம் காலியானபோது பந்தலில் புகை மட்டும் இருந்தது. இந்தத் தடவை அக்கா குனிந்து சாம்பலைக் கிளறி, அடியிலும் கங்கு இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

கொம்பையா அண்ணாச்சி சாவியை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். பூட்டைத் திறந்தும் விட்டார். தீயைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார், பாவம்.

மேனேஜர் அறையிலிருந்து ஓடி வந்திருந்த மிக்கேல்ராஜ் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். "அணைஞ்சிட்டுன்னு நான் ஒத்துக்கிட்டதே தப்பு. கிளறிப் பாத்திருக்கணும்" என்றார் மேனேஜரிடம். அழகிரிசாமிக்கு வியர்வை நிற்கவில்லை. அண்ணாச்சியிடமிருந்து சாவியை வாங்கி அக்கா கையில் கொடுத்தார்.

"தொட்டி தெறந்துதான் கெடக்கு நேசம்மா. எல்லாரும் ஆளுக்கு ஒரு கொடம் மொண்டுக்கிடுங்க."

நாங்கள் அக்காவைப் பார்த்தோம். தொண்டை எல்லோருக்கும் காய்ந்திருந்தது. அக்கா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மூடியை இறக்கினாள்.

"வேண்டாம் சார். திங்கக்கிழமயும் குச்சி முக்கத்தான போறோம்? இது தீக்குன்னு உள்ள தண்ணி."

நாற்பது பேரில் ஒருத்திகூட மறுத்துப் பேசவில்லை. காலிக் குடங்களைப் பொறுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தோம். மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பூட்டு எதற்குப் போட்டோம் என்று யோசித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

கொம்பையா அண்ணாச்சிதான் வழியை மறித்தார். "கொடத்த இங்கன வைங்கம்மா" என்றார். படையில் மிச்சமிருந்த ஆறு பேரும் சைக்கிளில் இரண்டிரண்டு குடமாகக் கட்டிக்கொண்டு, இரண்டு மைல் தள்ளி இருந்த தோட்டக் கிணற்றுக்குப் போனார்கள். நான்கு நடை அடித்தார்கள். ஒவ்வொரு குடமும் பாதியாகத்தான் வந்து சேர்ந்தது. சட்டையும் வேட்டியும் தொப்பலாக நனைந்திருந்தன.

"சிந்தாம எப்படித்தான் கொண்டு வருதீய?" என்று அண்ணாச்சி உண்மையாகவே கேட்டார்.

அக்கா தன் அரைக்குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "திங்கக்கிழம சாப்பிட்டுட்டு வாங்க அண்ணாச்சி. மண்ணுல ஆரம்பிப்போம்."

திங்கட்கிழமை ஆறு பேரும் வந்தார்கள். சாவி தொட்டிக்கு மேலே ஓர் ஆணியில், எல்லோருக்கும் எட்டும் உயரத்தில் தொங்கியது. பூட்டை மட்டும் காணவில்லை. மேனேஜரைக் கேட்டால், பழசாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்.