களப்பு நண்டுகள் காணாமற் போன கதை

புத்தளம் களப்பின் ஓரத்தில், ஒரு காலத்தில் உப்பு மூட்டை அடுக்கிய மண்டபத்தில், இன்றைக்கு ஒரு பல்கலைக்கழக நூலகம் இருக்கிறது. உப்பு இருந்த காலத்தில் அங்கே ஒரேயொரு விதிதான்: நனையவிடாதே. புத்தகங்கள் வந்த பிறகு விதிகள் நாற்பத்திரண்டாகப் பெருகின. அத்தனையையும் தனியொருவராக எழுதியவர் பிரதம நூலகர் கலாநிதி கிளைட்டன் குரூஸ்.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. அச்சடித்து ஒவ்வொரு புத்தகத்தின் முன்னட்டைக்குள்ளும் ஒட்டுவித்தார். சில மெலிந்த புத்தகங்களில் உள்ளடக்கத்தைவிட விதிகள்தான் கூட. வாசிக்க வந்த பிள்ளைகள் விதிகளை வாசித்து முடித்தே களைத்துப் போனார்கள். நூலகத்தில் அமைதி நிலவியது. அந்த அமைதியைக் கிளைட்டன் குரூஸ் தன் வாழ்நாள் சாதனை என்று சொல்லிக்கொண்டார். ஆட்கள் இல்லாத இடத்தில் அமைதி இலவசமாகக் கிடைக்கும் என்று அவருக்குச் சொல்லத் துணிந்தவர் எவருமில்லை.

அந்த மனிதருக்கு முன்னால்தான் முஃபீதா நின்றாள். மீன்வள விஞ்ஞானம் படித்து, கடைசிப் பரீட்சையும் சித்தியடைந்தவள். கடற்றொழில் பரிசோதகர் வேலைக்கு அவளுக்கு நேர்முகம் வந்திருந்தது. நேர்முகத்துக்குப் பட்டச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு, இவள் எங்கள் புத்தகம் எதையும் வைத்திருக்கவில்லை என்று நூலகர் கையொப்பமிட்ட விடுவிப்புக் கடிதம் வேண்டும்.

“'களப்பு நண்டுகள்' எங்கே?” என்று கேட்டார் கிளைட்டன் குரூஸ்.

நூலகத்தில் இருந்த மிகத் தடித்த புத்தகங்களில் ஒன்று அது. ஒரே பிரதி. உசாத்துணைக்கு மட்டும், அதாவது அங்கேயே இருந்து வாசிக்கலாம், வெளியே கொண்டுபோகக்கூடாது.

“நான் அண்டைக்கே திருப்பிக் குடுத்தேனே சேர்.”

“குடுத்ததுக்குச் சாட்சி?”

“நீங்கதான் சேர். உங்கட கையிலதான் குடுத்தேன்.”

“நூலகர் சாட்சியாக முடியாது. நூலகர் நீதிபதி.” விரலை உயர்த்தினார். “இருபத்தேழாம் விதி. உசாத்துணை நூல் காணாமற் போகுமிடத்து, அதனை இறுதியாக வாசித்தவரே பொறுப்பாளி. இறுதியாக வாசித்தது நீங்க. புத்தகம் வந்தா கையொப்பம் வரும்.”

“புதுசு ஒண்டு வாங்கித் தரட்டா சேர்?”

“அது அச்சில இல்லை. இருந்தாலும் அது வேற புத்தகம். எங்கட புத்தகம் எங்கட புத்தகந்தான்.”

புத்தகம் எங்கே போனதென்று வாசகருக்கு இப்போதே சொல்லிவிடுவதில் தவறில்லை. முஃபீதா அதைத் திருப்பிக் கொடுத்த அன்று கிளைட்டன் குரூசுக்குப் பிடரி பிடித்திருந்தது. பஞ்சுத் தலையணையை விட்டுவிட்டு, உயரம் குறைந்ததாக, கெட்டியாக ஒன்றை வைத்துப் படுங்கள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மேசையில் கிடந்த 'களப்பு நண்டுகள்' உயரம், கெட்டி இரண்டிலும் வைத்தியர் சொன்னபடியே இருந்தது. பிள்ளை கொண்டுபோனால் அது களவு, விரிவுரையாளர் கொண்டுபோனால் இரவல், நூலகர் கொண்டுபோனால் இடமாற்றம். புத்தகம் இடமாற்றம் பெற்று வீட்டுக்குப் போனது. அட்டை கன்னத்தில் உரசுகிறது என்று அவர் முனகியதைக் கேட்டு, மனைவி யூஜினி மஞ்சள் துணியில் சிவப்புப் பூப்போட்ட உறையொன்று தைத்துப் போட்டாள். ஒரு கிழமைக்குள் அது புத்தகம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. பிடரிதான் சுகமாகிவிட்டதே!

ஆகவே, நியாயமாகச் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. அலுமாரி அலுமாரியாக உண்மையாகவே தேடினார். உதவியாளர்களை உண்மையாகவே ஏசினார். இரவில் களைத்துப்போய், தேடிய புத்தகத்தின் மேலேயே தலையை வைத்து உறங்கினார்.

இப்படியிருக்கத் தலவிலக் கடற்கரையில் அன்னம்மாள் கோயில் திருநாள் வந்தது. கிளைட்டன் குரூசின் குடும்பம் வழமைபோல மரத்தடியில் கூடாரம் அடித்தது. அவர் வழமைபோலத் தன் தலையணையோடு போனார். முஃபீதாவும் வந்திருந்தாள். அவளுடைய வாப்பா நௌஃபர் அந்தத் திருநாளில் வருடா வருடம் மஸ்கற் அல்வாக் கடை போடுகிறவர். நேர்முகம் வருகிற புதன்கிழமை. கையில் கடிதமில்லை. ஆகவே அவள் மஸ்கற் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“அந்தாளுக்கு ஒரு கிலோ மஸ்கற் குடுத்துப் பாப்பமா மகள்?” என்றார் நௌஃபர்.

“அதுக்கும் ஒரு விதி இரிக்கி வாப்பா. பதினெட்டு.”

மதியச் சாப்பாடு முடிந்து கிளைட்டன் குரூஸ் ஒரு தூக்கம் போட்டார். எழும்பி, காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கடலில் கால் நனைக்கப் போனார். அவர் போன கையோடு பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகள் தலையணைச் சண்டை தொடங்கினார்கள். மற்றத் தலையணைகளைவிட ஒன்று அதிகமாக வலித்தது. வலித்தவன் அதைத் தூக்கி மணலில் எறிந்துவிட்டு அழப் போனான். வழியில் வந்த ஒரு புண்ணியவதி அதை எடுத்துக்கொண்டுபோய் அறிவித்தல் கொட்டிலில் ஒப்படைத்தாள்.

கொட்டிலில் இருந்தவர் அன்ரனிப்பிள்ளை. ஆலங்குடாவில் வள்ளம் வைத்திருக்கிறவர். வருடம் முழுக்கக் கடலில் கத்தி ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளாத குறையைத் திருநாளில் ஒலிபெருக்கி பிடித்துத் தீர்த்துக்கொள்வார்.

“அன்பான பக்தர்களே! ஒரு தலையணை கண்டெடுக்கப்பட்டிருக்குது. மஞ்சள் துணி, சிவப்புப் பூ.” சற்று நிறுத்தினார். “தலையணை நல்ல பாரம். பொறுங்க, பாப்பம்.” துணி உருவுகிற சத்தம் ஊரெல்லாம் கேட்டது. “உள்ளுக்குப் பஞ்சு இல்ல பக்தர்களே. புத்தகம் இருக்குது. நண்டுப் படம் போட்டிருக்குது. 'களப்பு நண்டுகள்'.”

முஃபீதாவின் கத்தி மஸ்கற்றின் நடுவில் நின்றது.

“என்ன மகள்?”

“வாப்பா, என்ட பட்டம் தலையணைக்குள்ள கிடக்குதாம்.”

புத்தகத்தில் உரியவரின் பெயரைத் தேடினார் அன்ரனிப்பிள்ளை. பெயரில்லை. முன்னட்டைக்குள் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சொந்தக்காரர் கேட்டால் அடையாளம் பிடித்துக்கொள்வார் என்ற நல்லெண்ணத்தில் அதை வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொன்றையும் சிங்களத்திலும் சொன்னார்.

“ஒண்டு. பைகள், குடைகள், தலைக்கவசங்கள் யாவும் வாசலிலேயே வைக்கப்படல் வேண்டும்.”

அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு மூட்டை முடிச்சை வாசலில் இறக்கி வைத்தது.

“நாலு. உரத்த குரலில் பேசுவோர் உடன் வெளியேற்றப்படுவர்.”

லொத்தர் சீட்டு விற்ற வானின் ஒலிபெருக்கி வாயை மூடியது.

“ஆறு. உண்ணலும் பருகலும் முற்றாகத் தடை.”

இது கொஞ்சம் குழப்பத்தை உண்டாக்கியது. சிலாபத்திலிருந்து வந்திருந்த பாக்கியம்மா என்ற மனுசி சோற்றுக் கோப்பையைக் கையில் பிடித்தபடி எழுந்தாள். “இதென்ன புது நாயம்? கறியெல்லாம் ஊத்தியாச்சே! ஃபாதர் சொன்னவரோ?” ஐஸ்கிறீம்காரன் மணியைக் கையால் பொத்தினான். நௌஃபர் மஸ்கற்றைத் துணியால் மூடிவிட்டு, “தின்னுறதுக்கு மட்டுமா தடை, விக்கிறதுக்குமா?” என்று பக்கத்துக் கடையில் விசாரித்தார். முஃபீதா அதற்குள் கொட்டிலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

“ஏழு. தும்மல் வருமென உணர்வோர் முற்கூட்டியே வெளியேறுதல் வேண்டும்.”

ஒரு கிழவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடையைக் கட்டினார்.

கணுக்கால் தண்ணீரில் நின்ற கிளைட்டன் குரூசுக்கு முதலில் வந்தது பெருமைதான். தான் எழுதிய வசனம் இரண்டு மொழிகளில் தென்னைமரத்து ஒலிபெருக்கியிலிருந்து ஒலிக்க, அதற்குச் சனம் கீழ்ப்படிகிற காட்சி எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஏழாம் விதி வரைக்கும் அவர் கண்ணை மூடி ரசித்தார்.

“ஒன்பது. நூலின்மீது தலை வைத்து உறங்குதல் கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது.” அன்ரனிப்பிள்ளை நிறுத்தினார். ஒலிபெருக்கியில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. “தைல வாசம் அடிக்குது பக்தர்களே.”

கிளைட்டன் குரூசின் கண் திறந்தது. மணலில் அவ்வளவு வேகமாக ஓடக்கூடியவர் அவர் என்று பல்கலைக்கழகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

ஆனால் யூஜினி முந்திவிட்டாள்.

“அனே, அது எங்கட தலையணை! உறை நான் தைச்சது. ஒரு மூலையில மட்டும் பச்சை நூல் இருக்கும் பாருங்க, சிவப்பு முடிஞ்சு போச்சு.”

“சரியான அடையாளம்,” என்றார் அன்ரனிப்பிள்ளை. “ஆரிட தலையணை? மைக்கில சொல்லுங்கம்மா. போன திருநாள் ஒரு குடைக்கு நாலு பேர் வந்து அடிபட்டவங்க.”

கணவனின் பட்டத்தை விட்டுவிட்டு யூஜினி அவருடைய பெயரைச் சொன்னதே கிடையாது. மீன்காரனிடம்கூட. “பல்கலைக்கழகப் பிரதம நூலகர், கலாநிதி கிளைட்டன் குரூஸ் அவர்களிட தலையணை,” என்றாள் தெளிவாக.

அது கடல்வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

நனைந்த காற்சட்டையோடு நூலகர் வந்து சேர்ந்தபோது கொட்டிலைச் சுற்றிக் கூட்டம். முன்வரிசையில் முஃபீதா.

“அந்த நூல்,” மூச்சு வாங்கியது அவருக்கு, “காணாமற் போன அந்த நூல் என்னால் கைப்பற்றப்பட்டது.”

“எங்க வெச்சு சேர்?” என்றாள் முஃபீதா. “தலைக்குக் கீழயா?”

“நீங்க... நீங்க இங்க என்ன செய்யிறீங்க?”

“மஸ்கற் விக்கிறோம் சேர். வேலை கிடைக்கும் வரைக்கும்.” அவளும் விரலை உயர்த்தினாள். “இருபத்தேழாம் விதி சேர். கடைசியா வாசிச்ச ஆள்தான் பொறுப்பு. நான் வாசிச்சிட்டு உங்கட கையில தந்தேன். நீங்க வாசிச்சீங்களா சேர்?”

கிளைட்டன் குரூஸ் வாயைத் திறந்தார். வாசித்தேன் என்றால் இருபத்தேழாம் விதி. வாசிக்கவில்லை என்றால், பிறகு புத்தகத்தை வைத்து என்ன செய்தார் என்ற கேள்விக்கு ஒன்பதாம் விதி. இரண்டும் அவரே எழுதியவை. ஓட்டை விடாமல் எழுதியவை. வாயை மூடினார்.

“வாசிக்கிறதா? இவரா?” என்றாள் யூஜினி. “தலை வெச்ச உடனே குறட்டை!”

கூட்டம் சிரித்தது. நாலாம் விதி அத்தோடு காலாவதியானது. பாக்கியம்மா சோற்றில் கை வைத்தாள்.

“அப்ப என்ட கடிதம் சேர்?”

“விடுவிப்புக் கடிதம் தொடர்பாக,” அவர் நிமிர்ந்தார், பழகிய தமிழ் அவரைத் தூக்கி நிறுத்தியது, “அலுவலக நேரத்தில், மூன்று பிரதிகளில், துறைத்தலைவர் ஊடாக விண்ணப்பித்தால் பரிசீலனைக்கு—”

“சேர்,” என்றார் அன்ரனிப்பிள்ளை, “மைக் ஓன்ல இருக்குது.”

தென்னைமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி அடுத்ததாக ஒலிபரப்பியது பிரதம நூலகரின் மௌனத்தை. அது நீண்ட நேரம் ஒலித்தது. பிறகு, பெற்ற தகப்பனைப் போன்ற ஒரு குரல் கேட்டது.

“திங்கட்கிழமை காலையில வாங்க மகள். போட்டுத் தாறேன்.”

“திங்கட்கிழமை போயா லீவு!” என்று கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார்கள்.

“அப்ப செவ்வாய்க்கிழமை.”

“நேர்முகம் புதன்கிழமை சேர்,” என்றாள் முஃபீதா.

“செவ்வாய்க்கிழமை காலையில,” என்றார் ஒலிபெருக்கியிடமே. அன்ரனிப்பிள்ளை அதைப் பக்தர்களின் நன்மைக்காகச் சிங்களத்திலும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை நூலகம் திறக்கும் முன்பே முஃபீதா வாசலில் நின்றாள். மேசையில் 'களப்பு நண்டுகள்' உறையில்லாமல் கிடந்தது. கிளைட்டன் குரூஸ் அவளுடைய விடுவிப்புக் கடிதத்தை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்துப்பிழை தேடினார். கிடைக்கவில்லை.

“புத்தகத்தில எண்ணெய்க் கறை இருக்குது,” என்றார் கடைசி நம்பிக்கையோடு.

“ஓம் சேர். எனக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கிற பழக்கம் இல்ல.”

அவர் கையொப்பமிட்டார். முத்திரை குத்தினார். குத்திய குத்தில் மை போத்தல் ஒருமுறை துள்ளியது. கடிதத்தை நீட்டிவிட்டு, அவள் அதைத் தொட்ட கணத்திலேயே எழுந்து நின்றார். தோற்றவருக்கும் கடைசி வார்த்தை தேவைப்படுகிறதல்லவா!

“இந்தக் கையொப்பத்தோட உங்கட அங்கத்துவம் முடியுது. முப்பத்தெட்டாம் விதி. இந்த நிமிசத்தில இருந்து நீங்க வெளியாள். வெளியாட்களுக்கு உள்ளே அனுமதியில்லை. வெளியே போங்க.”

படித்த வருடங்களில் அந்தப் பல்கலைக்கழகம் அவளுக்குச் சொன்ன வார்த்தைகளிலேயே இனிமையானவை அவைதான்.

“சரி சேர்,” என்றாள்.

உப்பு மண்டபத்தின் சீமெந்துத் தரையில் அவளுடைய செருப்பு டப் டப்பென்று அடித்துக்கொண்டு வாசல்வரை போனது. உதவியாளர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு நூலகரைப் பார்த்தார்கள். அவர் விரலை உயர்த்தினார், கொஞ்சம் யோசித்தார், இறக்கினார். செருப்புச் சத்தம் பற்றிய விதி அங்கத்தவர்களுக்கு மட்டும்தான்.