டாக்குக்கு வைத்த சந்தனம்

பெங்களூர் ஜவுளிக் கடைக்காரர் வேலூரைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. ஆரணியில் ராஜ்குமாரின் பெரிய திரையோ இருண்டே கிடந்தது. அதில் பட்டுப்புடவை டிசைன்களைக் காட்டித்தான் கல்யாண சீசன் ஆர்டரைப் பிடிக்கப்போவதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். லேப்டாப்பைத் திரையோடு இணைக்கும் டாக்கிங் ஸ்டேஷன் என்ற டாக் பெட்டியில் செருகினால் சார்ஜ் ஏறியது, மவுஸ் ஓடியது. படம் மட்டும் வரவில்லை.

"இது கம்பாட்டிபிலிட்டி பிரச்சினை. டிரைவர், ரெசல்யூஷன் எல்லாம் ஒத்துவரணும். உனக்குப் புரியாது பானு," என்று மனைவிக்கு மறுபடியும் விளக்கினார்.

பானுப்ரியா டாக்கிலிருந்து திரையின் கேபிளைப் பிடுங்கினாள். முனை மஞ்சளாக வந்தது.

"ஏங்க, நேத்து ஆயுத பூஜையில இதுக்குப் பொட்டு வெச்சது யாரு?"

"நான்தான்."

"ஓட்டைக்குள்ளயே சந்தனத்த அப்பிட்டு, காலையிலேர்ந்து ரெசல்யூஷன்னு பேசிகினு இருக்கீங்களே!"

அவள் முனையைத் துடைத்துப் பக்கத்து ஓட்டையில் செருகினாள். கிளிப்பச்சைப் புடவை ஒன்று திரை நிறைய விரிந்தது. அதே நேரம் வாசலில் கார் வந்து நின்றது.

"சின்ன டெக்னிகல் பிரச்சினை, இப்பத்தான் சரி பண்ணேன்," என்று ராஜ்குமார் கம்பீரமாக வரவேற்றார்.

பானுப்ரியா விருந்தாளியிடம் சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். "எடுத்துக்குங்கண்ணா. சந்தனம் வைக்காம இவரு யாரையும் விட மாட்டாரு."