நல்ல சரக்கு என்று சொன்ன நாக்கு

சங்கிலிபூதத்தானைக் கடித்த கொசுக்கள் செத்து விழ ஆரம்பித்தது இரண்டாயிரத்துப் பதினாலாம் வருஷம், பிசானப் பருவ நெல் நடவு முடிந்து, யூரியா மூட்டை இருநூற்று எண்பத்து நாலு ரூபாய் விற்றபோது. அடுத்த கார் சாகுபடியில் அவரைத் தீண்டிய கண்ணாடிவிரியன் நாலு முழம் ஊர்ந்து, வரப்பிலேயே மல்லாந்துவிட்டது. அதற்கு ஒரு குழி தோண்டி மூடிவிட்டு, மிச்சமிருந்த ஒன்றரை ஏக்கருக்கும் பூச்சிமருந்து அடித்து முடித்துத்தான் அவர் கரையேறினார். பாம்பு ஊருக்குப் புதுசாக இருக்கும், பாவம், ஆள் தெரியாமல் கடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். சந்தையில் வெகுகாலமாகவே போலி மருந்து புழங்கியது. அடித்த மருந்தில் புகையான் பூச்சிகள் சாவகாசமாகக் குளித்துவிட்டு மறுபடி பயிரின் சாற்றை உறிஞ்சப் போயின. விவசாயிகள் டப்பாவில் ஒட்டிய சீட்டை நம்பவில்லை. கூலிக்கு மருந்தடிக்கிற சங்கிலியின் நாக்கை நம்பினார்கள். அம்பாசமுத்திரத்தில் திருஞானசம்பந்தம் அண்ணாச்சியின் உரக்கடைக்குப் புதுச்சரக்கு வந்தால் சங்கிலிக்கு ஆள் வரும். மூடியைத் திறந்து, சுண்டுவிரலால் தொட்டு, நாக்கு நுனியில் வைப்பார். ஒன்றும் ஆகாவிட்டால் போலி. நாக்கு மரத்துக் கண்ணில் நீர் கோத்தால் அசல்.

“ஏலே சங்கிலி, என்னடே சொல்லுது?” என்பார் அண்ணாச்சி.

“நல்ல சரக்கு அண்ணாச்சி. என் வாய் எங்கன இருக்குன்னே தெரியல.”

கடைக்கணக்கில் ஒரு டீ வரும். அதில் சூடு மட்டும் தெரியும். சீனி போட்டார்களா என்பதைப் பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

பாம்பு கடித்தபோது இப்படி இருபத்தோரு வருஷம் ஆகியிருந்தது. கண்மணிகள் கடுகாகச் சுருங்கி, உச்சிவெயிலும் அவருக்கு அந்தி மசங்கியதுபோலத் தெரிந்தது. வாயில் ஓயாமல் எச்சில் ஊறியது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தொடைச்சதை கரையில் போட்ட மீனாகத் துடித்தது. அவருடைய சட்டையை மனைவி அன்னத்தாய் தனிக்கல்லில் துவைத்தாள். அந்தக் கல்லைச் சுற்றிப் புல் முளைக்கவில்லை. “ஊருல ஆம்பளைங்க குடிச்சிட்டு வாராங்க, என் வீட்டுக்காரரு ருசி பாத்துட்டு வாராரு” என்று தண்ணீர்க் குழாயடியில் சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவாள்.

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தபோது ஊசி கறுத்துப்போனது. இளவயது டாக்டர் ரிப்போர்ட்டை மூன்றுதரம் படித்தார்.

“மருந்து குடிச்சீங்களா?”

“குடிக்கல ஐயா, ருசிதான் பாத்தேன்.”

“இவ்வளவு விஷம் உடம்புல இருந்தா ஆள் உயிரோட இருக்க முடியாதுய்யா.”

“கோவிச்சுக்காதீங்க ஐயா, இருந்துட்டேன்.”

டாக்டருக்கு எழுதிக்கொடுக்க மாத்திரை எதுவும் அகப்படவில்லை. கைக்குழந்தைகளைத் தொடக்கூடாது என்று மட்டும் எழுதினார். வீட்டில் கைக்குழந்தை இல்லாததால் அந்தச் சீட்டைச் சங்கிலி பத்திரமாக மடித்து வைத்தார்.

நாலு வருஷம் கழித்து மகள் இசக்கிசெல்வி தலைப்பிரசவத்துக்கு வந்தபோது அந்தச் சீட்டு தானாகப் பிரிந்து கிடந்தது. பிறந்த பிள்ளையின் நாக்கில் சீனித்தண்ணீர் தொட்டு வைப்பதற்குச் சேனை என்று பெயர். வைத்தவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா விரட்டுவாள் என்பதால் வீட்டுக்கு வந்தபின் பேருக்கு ஒரு சொட்டு வைப்பது வழக்கம். தாய்வழித் தாத்தாவாகச் சேனை வைக்கவேண்டும் என்பது ஒன்றுதான் சங்கிலி இந்த உலகத்தில் ஆசைப்பட்டது. பேத்தி வீட்டுக்கு வந்த அன்றைக்கு அவர் சீனி டப்பாவை மகள் கையில் கொடுத்துவிட்டு மாட்டுத்தொழுவத்துக்குக் குடிபோனார். தொழுவம் காலிதான், பசு முந்தின வருஷமே அவர் கையை நக்கிச் செத்திருந்தது.

“அப்பா வைக்காட்டா ஒருத்தரும் சேனை வைக்காண்டாம்” என்று செல்வி சொல்லிவிட்டாள்.

சங்கிலி தொட்டிலில் ஒரு நீளக்கயிற்றைக் கட்டச்சொல்லி, ஜன்னல் வழியாகத் தொழுவம்வரை இழுத்துக்கொண்டார். பேத்தி அழுதால் அங்கிருந்தே பைய ஆட்டுவார். கயிற்றில் ஏறிய எறும்புகள் பாதிவழியில் உதிர்ந்தன. பேத்தியின் முகம் அவருடைய கடுகுக்கண்ணுக்கு எட்டவில்லை. கயிற்றின் கனத்தை வைத்து, இந்த வாரம் கொஞ்சம் எடை கூடியிருக்கிறாள் என்று சொல்வார். அது சரியாகவும் இருக்கும்.

முப்பத்திரண்டாம் நாள் காலையில் செல்வி தொட்டில் சேலையைத் துவைக்க அவிழ்த்து உதறினாள். பதினோரு கொசுக்கள் விழுந்தன. எல்லாம் வயிறு சிவக்கக் குடித்துச் செத்தவை. அவள் அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு ஜன்னலோரம் தன் முழங்கையை நீட்டினாள். ஒரு கொசு உட்கார்ந்தது, குடித்தது, உருண்டது. அவள் எந்த மருந்தையும் நாக்கில் வைத்தவள் இல்லை. அந்த வயல்களின் சோற்றைத் தின்றாள், அந்த வாய்க்கால் தண்ணீரைக் குடித்தாள், அவ்வளவுதான்.

“எப்பா, கயிற விடுங்க. உள்ள வாங்க.”

விஷயத்தைக் கேட்டும் சங்கிலி கயிற்றை விடவில்லை. “பூரா நான் நல்ல சரக்குன்னு சொன்னதுதாம்மா” என்றார். “ஒண்ணு ரெண்டையாவது தப்பாச் சொல்லியிருக்கலாம்.”

“எந்திரிச்சு வாங்க. சீனித்தண்ணி ஆறிக்கிட்டு இருக்கு” என்றாள் அன்னத்தாய்.

தேவையில்லை என்று தெரிந்தும் கையை ஒன்பதுதரம் கழுவினார். சுண்டுவிரலால் சீனித்தண்ணீரைத் தொட்டுப் பேத்தியின் நாக்கில் வைத்தார். அவள் சப்பினாள். முகத்தைச் சுளித்தாள். கண்ணில் நீர் கோத்தது.

“இனிக்கா?” என்று மகளிடம் கேட்டார். செல்வி மிச்சத்தை ருசிபார்த்து, இனிக்கு என்றாள்.

அதன்பின் ஊரில் பிறந்த ஒன்பது பிள்ளைகளுக்கும் கொசுவலை வாங்கவில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், வட்டாரத்திலேயே காய்ச்சல் இல்லாத ஊர் இதுதான் என்று மெச்சி, கொசு ஒழிப்புக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார். அதை எங்கே மாட்டுவது என்று பஞ்சாயத்தில் பேச்சு வந்தது. நியாயமாகச் சங்கிலிக்குத்தான் சேரவேண்டும் என்று முடிவாயிற்று. தொழுவத்தில், தொட்டில் கயிற்றைச் சுற்றி வைக்கிற ஆணி சும்மாதான் இருந்தது. அதில் தொங்குகிறது.